லிஃப்ட் பாட்டில் வரும் இருமல்

எனக்குப் பயம் வந்தால் இருமல் வரும். சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும், எனக்கு இருமல். பரீட்சை ஹாலில் வந்தது. வேலைக்கான நேர்முகத் தேர்வில் வந்தது. கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று என் கணவர் கேட்டபோதும் வந்தது. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். பயப்பட எதுவும் கிடைக்காத நாளில், எதையோ மறந்துவிட்டோம் என்று பயந்து இருமுவேன்.

பார்க்கிற வேலையும் அதற்கு ஏற்றதுதான். மருந்து டப்பாவுக்குள் எட்டாக மடித்து ஒரு காகிதம் வைக்கிறார்களே, யாரும் பிரித்துப் படிக்காத காகிதம், அதில் பிழை திருத்துகிறேன். ஒரு வேளை என்று இருக்கவேண்டிய இடத்தில் பத்து வேளை என்று அச்சாகிவிட்டால் யாருடைய உயிர் போகும் என்று யோசித்து யோசித்தே நாற்பத்தாறு வயதாகிவிட்டது. பக்கவிளைவுகள் பட்டியலைக் காலையில் படித்தால் மத்தியானத்துக்குள் அதில் மூன்றாவது எனக்கு வந்துவிடும்.

இந்தப் பயமெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். என் ஆறாவது வயதில், ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில், ஒரு முக்காலியின் மேல்.

அப்பா நடிகர். பெயரைச் சொன்னால் தெரியாது, "இன்ஸ்பெக்டர்" என்றால் தெரியும். அறுபத்து மூன்று படங்களில் அவர் இன்ஸ்பெக்டர். கதாநாயகன் எல்லோரையும் அடித்துப் போட்ட பிறகு ஜீப்பில் வந்து இறங்கி, "யாரும் அசையக்கூடாது" என்பார். அசைகிற நிலையில் அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்கள். அது வேறு கதை.

அந்தக் காலத்தில் நடிகர்களைப் பாடவைத்து கேசட் போடுகிற பைத்தியம் ஒன்று பரவியிருந்தது. முகம் தெரிந்தால் போதும், குரலை யார் கேட்கப்போகிறார்கள் என்று கம்பெனிக்காரர்கள் நினைத்தார்கள். ஒரு மல்யுத்த வீரர் தாலாட்டுப் பாடினார். கேட்ட குழந்தைகள் விழித்துக்கொண்டன. செய்தி வாசிக்கிற ஒருவர் காதல் பாட்டுப் பாடினார். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் அடுத்த செய்திக்குப் போகிற மாதிரி நிறுத்தினார். அந்த வரிசையில் அப்பாவுக்கும் ஆறு பாட்டு கிடைத்தது. முதல் பாட்டுதான் லிஃப்ட் பாட்டு.

"லிஃப்டே லிஃப்டே மேலே போ, என் காதலைச் சொல்லிக் கீழே வா." எழுதியவர் பெயரை கேசட் அட்டையில் போடவில்லை. போடவேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்தப் பதிவில் மூன்று குற்றங்கள் உண்டு. வாத்தியங்கள் நின்றதும் ஒரு தாளத் தட்டு விட்டுத்தான் பாட ஆரம்பிக்கவேண்டும். அப்பா அந்தத் தட்டை விடவில்லை. படங்களில் எப்போதும் தாமதமாக வந்தவர் பாட்டில் மட்டும் முந்திக்கொண்டார். அடுத்தது, "மேலே போ" என்கிற இடத்தில் குரல் நிஜமாகவே மேலே போகவேண்டும். அப்பாவின் குரல் இரண்டாவது மாடியில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றுவிடும். மூன்றாவது, பல்லவி இரண்டாம் முறை வரும்போது, "மேலே போ"வுக்கும் "என் காதலை"க்கும் நடுவில், கர்ண கொடூரமாக ஓர் இருமல்.

அந்த இருமல் என்னுடையது.

எனக்கு அன்றைக்குக் காய்ச்சல். அம்மா நர்ஸ், ஆஸ்பத்திரியில் பகல் முறை. பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அப்பா என்னைக் கூடவே கூட்டிப்போனார். எல்லா வாத்தியக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசிக்கிற காலம் அது. ஒருவர் தப்பு செய்தால் எல்லோரும் முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். என்னைத் திரைக்குப் பின்னால் முக்காலியில் உட்காரவைத்து, வாயில் விரல் வைத்துக் காட்டினார்கள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கூடத்தை வேறு ஆளுக்கு விடவேண்டும். பதினொன்றே முக்காலுக்கு ஆறாவது முறை பாடிக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு, மூச்சை அடக்கி, கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தேன். எனக்கு வந்திருந்தது குரைக்கிற இருமல். ஆறு வயதுப் பிள்ளைக்கு அறுபது வயதுக் கிழவரின் இருமல் என்று டாக்டரே சொல்லியிருந்தார். எவ்வளவு நேரம் அடக்குவது?

பாட்டு முடிந்ததும் ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப்பக்கத்திலிருந்து, "யாரு இருமினது?" என்று கேட்டார். நான் அழ ஆரம்பித்தேன். அப்பா திரைப்பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "நான்தான் சார்," என்றார். "இருக்கட்டும் விடுங்க. இயல்பா இருக்கு."

அப்படியே இருந்துவிட்டது. கேசட் வந்த மாதத்திலிருந்து அவர் பெயர் இருமல் இன்ஸ்பெக்டர். காமெடி நடிகர்கள் தொப்பி வைத்துக்கொண்டு இருமினார்கள். அப்பா திரையில் ஜீப்பிலிருந்து கால் வைத்ததுமே தியேட்டரில் யாராவது ஒருவன் இருமுவான், மொத்தக் கொட்டகையும் சிரிக்கும். கண்டிப்பான இன்ஸ்பெக்டர் வேஷம் பிறகு வரவே இல்லை. "யாரும் அசையக்கூடாது" என்று சொல்லிவிட்டு இருமுகிற வேஷம்தான் வந்தது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இந்தக் கணக்கை நான் என் தலையில்தான் எழுதி வைத்திருக்கிறேன். அப்பா ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

பிறகு எல்லோரும் மறந்தார்கள். அம்மா காலமானார். அப்பா எங்களோடு வந்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் பேப்பரில் கட்டம் நிரப்புவதுமாக இருந்தார். நானும் கொஞ்சம் குறைவாக இருமினேன்.

போன வருஷம் ஒரு நாள் ஆபீஸ் கேன்டீனில் பக்கத்து மேஜைக்காரி செல்போனை நீட்டி, "இதப் பாரேன், வயித்து வலியே வந்துடுச்சு எனக்கு," என்றாள். யாரோ கல்லூரிப் பிள்ளைகள் ஒரு லிஃப்டுக்குள் நெருக்கியடித்து நின்று ஆடுகிறார்கள். லிஃப்ட் பாட்டு. ஒரு தட்டு முன்னாலேயே ஆரம்பிக்கிறார்கள், குரலை இரண்டாவது மாடியிலேயே நிறுத்துகிறார்கள், அந்த இடம் வந்ததும் எட்டுப் பேரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மாதிரி இருமுகிறார்கள். பார்த்தவர்கள் எண்ணிக்கை ஏழு இலக்கத்தில் இருந்தது. கேன்டீனில் நாலைந்து பேர் சேர்ந்து இருமினார்கள். அது என் அப்பா என்று அங்கே யாருக்கும் தெரியாது. நானும் இருமினேன். "நல்லா பண்றியே," என்றாள் பக்கத்து மேஜைக்காரி.

இரண்டு மாதத்தில் ஒரு பெண் வீடு தேடி வந்துவிட்டாள். முப்பது வயதிருக்கும், மரியாதையான பெண். பழைய பாட்டு விழா ஒன்று நடத்துகிறாளாம். அப்பா வந்து லிஃப்ட் பாட்டைப் பாடவேண்டுமாம்.

"அந்த ரெக்கார்டுல இருக்கிற மாதிரியே சார். அப்படியே."

"ஒத்திகைக்கு எப்ப வரணும்மா?" என்றார் அப்பா.

"ஒத்திகையே வேணாம் சார். ஒத்திகை பாத்தா கெட்டுடும்."

அப்பா சந்தோஷமாகத் தலையாட்டினார். நான் டீ போட உள்ளே போனேன். சர்க்கரை டப்பாவை வைத்துக்கொண்டு என்ன செய்ய வந்தோம் என்று தெரியாமல் நின்றேன். அவள் கிளம்பும்போது வாசல்வரை போனேன். அங்கேதான் விளம்பரத் தாள் ஒன்றை என் கையில் கொடுத்தாள். கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: "காதைப் பொத்திக்கொண்டு கேளுங்கள். பாடத் தெரியாதவர்கள் பாடிய பாட்டுகள்." கீழே பாடகர் வரிசையில் மூன்றாவதாக அப்பாவின் படம், தொப்பியோடு.

"அப்பாவுக்கு இது தெரியுமா?" என்றேன்.

"எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சதாலதான்க்கா கூப்பிடறோம்," என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கலக்கத்தைத் தந்தது.

தாளை எட்டாக மடித்துக் கைப்பைக்குள் போட்டேன். மருந்துக் காகிதம் மடித்த பழக்கம். அந்தக் கைப்பையை அன்றிலிருந்து குளியலறைக்குப் போகும்போதுகூடக் கூடவே எடுத்துப்போனேன். மடியில் பூனையைக் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்தவள் கதைதான்.

இரவெல்லாம் ஒரே காட்சி. எழுபத்தாறு வயது மனிதர், தொப்பியும் காக்கிச் சட்டையுமாக மேடையில் நிற்கிறார். அறுநூறு பேர் அவர் முகத்துக்கு நேராகச் சிரிக்கிறார்கள். அது தன்மேல் உள்ள பிரியம் என்று நினைத்து அவரும் சிரிக்கிறார். பிறகு ஏதோ ஒரு நொடியில் புரிந்துகொள்கிறார். அந்த நொடியில் அவர் முகம் எப்படிப் போகும் என்பதுதான் என் பயம். மற்றதெல்லாம் எனக்குப் பொருட்டில்லை.

"போகவேணாம்னு சொல்லிடேன்," என்றார் என் கணவர்.

"ஏன்னு கேட்டா என்ன சொல்றது?"

அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். என்னிடம் ஒரு யோசனை இருந்தது. பிழையைக் கண்டால் திருத்துவதுதானே என் பிழைப்பு? அப்பா அந்தப் பாட்டைச் சரியாகப் பாடிவிட்டால்? சரியாகப் பாடுகிறவரைப் பார்த்து யார் சிரிக்கமுடியும்?

மறுநாள் காலை, செடிகளுக்கு நடுவில் போய் நின்றேன். "அப்பா, விழாவுக்கு இன்னும் பத்து வாரம் இருக்கு. கொஞ்சம் பாட்டு கத்துக்கிட்டா என்ன?"

அப்பா தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "எதுக்கு?"

"சும்மாதான். நல்லா இருக்குமேன்னு."

"உனக்குத் திருப்தியா இருக்குமா பாப்பா?"

"இருக்கும்."

"அப்ப சரி," என்றார். ஒரே செடிக்கு ரொம்ப நேரம் தண்ணீர் ஊற்றினார்.

பாட்டு டீச்சர் பக்கத்துத் தெருவில் இருந்தார். பள்ளிக்கூடத்தில் குழுப்பாட்டு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் நான் கேசட் பாட்டைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். பாட்டு முடிந்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை. அப்புறம் எழுந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"இதுல எது சரியா இருக்குன்னு முதல்ல பாப்போம்," என்றார். "அது சீக்கிரம் முடிஞ்சிடும்."

புதனும் சனியும் பாடம். அப்பா ஒரு வகுப்பு தவறவில்லை. பலூன் ஊதி மூச்சை வளர்த்தார். எரிகிற மெழுகுவத்தி அணையாமல் "ஆ" சொல்லிப் பழகினார். வாத்தியம் நின்றதும் முந்திக்கொள்ளாமல் இருக்க, டீச்சர் அவர் தொடையில் ஸ்கேலால் ஒரு தட்டு தட்டுவார். அந்தத் தட்டு விழுந்த பிறகுதான் வாயைத் திறக்கவேண்டும். எழுபத்தாறு வயதில் அடி வாங்கிப் படிக்கிறேன் என்று அப்பா என் கணவரிடம் பெருமையாகச் சொன்னார். ஆறாவது வாரம் குரல் மூன்றாவது மாடிக்கு வந்தது. ஒன்பதாவது வாரம் மேலே போய்ச் சேர்ந்தது. கணீரென்று இல்லை, ஆனால் போய்ச் சேர்ந்தது. பத்தாவது வாரம் டீச்சர், "பாஸ் மார்க் தாராளமா போடலாம்," என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாற்பது வருஷமாகத் திருத்த முடியாமல் கிடந்த அச்சுப்பிழை திருந்திவிட்டது. பாட்டு இப்போது சுத்தமாக இருந்தது. சிரிக்க அதில் ஓர் இடமும் இல்லை.

விழா ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு, ஒரு கல்லூரி அரங்கத்தில். நான் ஒரு டப்பா இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டேன். காலையிலிருந்தே ஒன்று கரையக் கரைய இன்னொன்றை வாயில் போட்டபடி இருந்தேன். எட்டுக்கு மேல் சாப்பிடக்கூடாது என்று அதன் காகிதத்தில் இருக்கிறது. நான் திருத்திய காகிதம்தான். பதினொன்று சாப்பிட்டிருந்தேன்.

மேடைக்குப் பின்னால் போனதும் முதலில் கண்ணில் பட்டது சுவரில் ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்த விளம்பரம். "காதைப் பொத்திக்கொண்டு" என்கிற எழுத்து ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு. ஓடிப்போய் அதற்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். நான் மறைத்தும் "பொத்திக்கொண்டு" மட்டும்தான் மறைந்தது.

"ஏன் பாப்பா சுவரோட ஒட்டிக்கிட்டு நிக்கிற?" என்றார் அப்பா.

"சும்மாப்பா. கால் வலிக்குது."

"நாற்காலி இருக்கே."

"நாற்காலி வேணாம்."

அப்பா தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போட்டிருந்தது. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதப் போகிற பையன் மாதிரி, விரலால் தொடையில் ஒரு தட்டு தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடையில் மல்யுத்த வீரர் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். அவருக்கு எண்பது வயது. சனங்கள் சேர்ந்து பாடினார்கள், கத்தினார்கள், குழந்தை மாதிரி வீறிட்டு அழுதார்கள். அவர் வியர்க்க விறுவிறுக்க, வாயெல்லாம் பல்லாக இறங்கி வந்தார். பாவம், அவருக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். எங்கள் முறை இப்படி இருக்காது என்றும் நினைத்தேன். வாயில் இன்னொரு மிட்டாய் போட்டேன்.

அப்பா பெயரைச் சொன்னதும் அரங்கம் எழுந்து நின்றது. அறுநூறு பேர் இருக்கும், பாதிப் பேர் தலையில் காகிதத்தில் செய்த போலீஸ் தொப்பி. நாலு பேர் கொண்ட வாத்தியக் குழு முன்னிசையை அப்படியே வாசித்தது. நான் பக்கத் திரைக்குப் பின்னால், விழா நடத்துகிற பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றேன். அறிவிப்புச் செய்கிற மைக் அவள் கையில் இருந்தது.

வாத்தியங்கள் நின்றன. சனங்கள் அந்தத் தட்டை விடவில்லை. அறுநூறு பேரும் ரெக்கார்டில் இருக்கிற மாதிரியே முந்திக்கொண்டு, "லிஃப்டே" என்று முழங்கினார்கள். அப்பா தொடையில் ஒரு தட்டு தட்டினார், அப்புறம் ஆரம்பித்தார். அவர் முதல் "லிஃப்டே" சொல்லும்போது சனங்கள் இரண்டாவது "லிஃப்டே"யில் இருந்தார்கள். மைக் அவரிடம் இருந்தது, தாளமும் அவர் பக்கம் இருந்தது. சனங்கள் தடுமாறினார்கள். நாம்தான் தப்போ என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வரிசையாகக் குரல் அடங்கியது. "மேலே போ" வந்தபோது அப்பா மட்டும்தான் பாடிக்கொண்டிருந்தார். குரல் ஒழுங்காக மேலே ஏறி, போய்ச் சேர்ந்து, ஒழுங்காக இறங்கியது.

யாரும் சிரிக்கவில்லை. நான் கேட்டது அதுதானே? அது கிடைத்துவிட்டது. நின்றவர்கள் உட்கார ஆரம்பித்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண் காகிதத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"சாருக்கு என்ன ஆச்சுக்கா?" என்று பக்கத்தில் இருந்தவள் கிசுகிசுத்தாள். "உடம்பு சரியில்லையா?"

அப்பா சரணத்தைப் பாடினார். ஒரு பிழை இல்லை. யாருக்கும் வேண்டாத பாடத்தை, ஒரு எழுத்து விடாமல், ஒப்பித்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். நான் பத்து வாரமாகப் பயந்த சிரிப்பு அங்கே இல்லை. அதைவிட மோசமான ஒன்று இருந்தது. மரியாதை. கட்டாயத்துக்கு உட்கார்ந்து கேட்கிற மரியாதை. அதை அங்கே கொண்டுவந்து வைத்தது நான். முதல் தடவை இருமிக் கெடுத்தேன், இரண்டாம் தடவை இருமாமல் கெடுத்தேன்.

சரணம் முடிந்து வாத்தியங்கள் தனியாக ஒலித்தன. அப்பா பக்கத்திரைப் பக்கம் திரும்பினார். உதவி கேட்கிற பார்வை இல்லை அது. புருவத்தைத் தூக்கி, லேசாகத் தலையை ஆட்டினார். திருப்தியா என்று கேட்கிறார். தோட்டத்தில் கேட்ட அதே கேள்வி. நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் இந்தப் பாட்டை அங்கே உட்கார்ந்திருந்த யாருக்காகவும் பாடவில்லை.

வாத்தியங்கள் நிற்கப்போகின்றன. இரண்டாம் முறை பல்லவி. நான் வாயிலிருந்த மிட்டாயைக் கையில் துப்பினேன். அந்தப் பெண்ணிடமிருந்து மைக்கை வாங்கினேன்; பிடுங்கினேன் என்பதுதான் சரி. அப்பா தட்டு விட்டு ஆரம்பித்தார். "லிஃப்டே லிஃப்டே மேலே போ." காலையிலிருந்து, இல்லை, பத்து வாரமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் தொண்டைக்கு வந்து நின்றது. வாயைப் பொத்த எழுந்த கையைக் கீழே இறக்கினேன்.

குரைக்கிற இருமல். அரங்கத்தின் இரண்டு பக்கத்து ஒலிபெருக்கியிலும் அது போய் மோதித் திரும்பியது. டாக்டர் சொன்ன அதே கிழவர், நாற்பது வருஷம் மூத்துப்போய்.

கூரை பெயர்கிற மாதிரி ஒரு கூச்சல். அறுநூறு பேரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார்கள். வெளியே போன இரண்டு பேர் ஓடி வந்தார்கள். அப்பா திரும்பி, கையில் மைக்கோடு நின்ற என்னைப் பார்த்தார். பாடவேண்டிய வரியை விட்டுவிட்டுச் சிரித்தார். தொப்பி கீழே விழுகிற அளவுக்குச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மூன்றாம் பல்லவியை வாத்தியங்கள் நிற்பதற்கு முன்பே ஆரம்பித்தார். குரல் இரண்டாவது மாடியில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. டீச்சர் எட்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். காதைப் பொத்திக்கொண்டுதான் இருந்தார். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார் என்று என் கணவர் பிறகு சொன்னார்.

மேடைக்குப் பின்னால் வந்து அப்பா நாற்காலியில் சாய்ந்தார். தொப்பியின் உள்பக்கத்திலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து முகத்துக்கு விசிறிக்கொண்டார். விளம்பரத் தாள்.

"இது உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?" என்றேன்.

"அந்தப் பொண்ணு வீட்டுக்கு வந்த அன்னைக்கே குடுத்துச்சே. நீ டீ போடப் போயிருந்த."

"அப்ப எல்லாம் தெரிஞ்சுதான் ஒத்துக்கிட்டீங்களா?"

"தெரியாம என்ன? அவங்க சிரிக்கணும்னு கூப்பிடறாங்க, நான் சிரிக்கவைக்கலாம்னு போறேன்."

"பின்ன எதுக்குப் பத்து வாரம் அந்த டீச்சர்கிட்ட அடி வாங்கினீங்க?"

"நீ கேட்டியே பாப்பா. உனக்கு அது உறுத்திக்கிட்டே இருந்துது. எனக்கு இல்ல."

நாற்பது வருஷமாகக் கேட்காததை அப்போது கேட்கவில்லை என்றால் எப்போதும் கேட்கமாட்டேன் என்று தெரிந்தது. "அந்த இருமலாலதானே உங்க பொழப்பு கெட்டுச்சு?"

அப்பா விசிறுவதை நிறுத்தினார். இல்லவே இல்லை என்று சொல்வார் என்று நினைத்தேன்.

"கொஞ்சம் கெட்டுச்சுதான்," என்றார். "அதுக்காக ஆறு வயசுப் பிள்ளையை மாட்டி விட முடியுமா?"

நான் அழுதேன். அவர் அந்தத் தாளாலேயே எனக்கும் விசிறிவிட்டார். காகிதத் தொப்பி போட்ட பிள்ளைகள் படம் எடுத்துக்கொள்ள உள்ளே வந்துவிட்டார்கள். ஏழெட்டுப் பேர். அதில் ஒருவன் அப்பாவைக் கேட்டான்: "சார், அந்த இருமல் இன்னைக்கும் நீங்களேதானா? வாய் அசையவே இல்லையே?"

"பின்ன யாரு? என்னோட இருமல்ப்பா அது," என்றார் அப்பா, கொஞ்சமும் யோசிக்காமல்.

"இல்ல தம்பி," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நான்தான் இருமினேன். இன்னைக்கும் நான்தான். ரெக்கார்டுல இருக்கிறதும் நான்தான். எனக்கு அப்ப ஆறு வயசு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள். "சும்மா சொல்லாதீங்கக்கா," என்றான் அவன். "எங்க, இப்ப இருமிக் காட்டுங்க பாப்போம்."

செல்போன்கள் என் பக்கம் திரும்பின. நான் மூச்சை இழுத்துக்கொண்டு வாயைத் திறந்தேன். வரவில்லை. நெஞ்சைத் தட்டிப் பார்த்தேன். தொண்டையைக் கனைத்துப் பார்த்தேன். இத்தனை பேர் உற்றுப் பார்க்கிறார்கள், இருமல் வராமல் இருக்குமா? தொண்டை கழுவி வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. எங்கே தேடியும் ஒரு செருமல்கூட அகப்படவில்லை.

அப்பா எழுந்து தொப்பியை என் தலையில் வைத்தார்.

"விடுங்கப்பா," என்றார் அந்தப் பிள்ளைகளிடம். "என் பொண்ணுக்கு இருமவே வராது."